98 சதவீதம், யாருடைய தோலில்?

எலக்ட்ரானிக்ஸ் இறுதியாண்டு படிக்கும் மூன்று பேர் சேர்ந்து கேட்ட கேள்வி இது: "தோலில் ஒட்டிக்கொள்ளும் வளையும் சென்சாரையும் செயற்கை நுண்ணறிவையும் சேர்த்து ப்ராஜெக்ட் செய்யப் போகிறோம். ஆய்வுக் கட்டுரைகளில் 98, 99 சதவீதத் துல்லியம் என்று போட்டிருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டால் சர்க்கரை பார்க்கும் பட்டையைத் தவிர ஒன்றும் கிடைப்பதில்லை. இடையில் என்ன தடை? நாங்கள் எதில் கை வைக்கலாம்?"

உடலிலிருந்து வரும் சிக்னல்களோடு பல வருடமாக மல்லுக்கட்டுகிறவன் என்ற முறையில் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 98ஐ யாரும் இட்டுக்கட்டவில்லை. ஆனால் அது யாருடைய தோலில், எந்த நாளில் எடுத்த 98 என்று கேட்காதவரை அந்த எண்ணால் உங்களுக்குப் பயனில்லை. இது புரிய வேண்டுமானால் நியூரல் நெட்வொர்க்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, தோலில் தொடங்க வேண்டும்.

சிலிக்கானை வளைத்தால் உடையும் என்று படித்திருப்பீர்கள். உண்மையில் அது தடிமனைப் பொறுத்த விஷயம். ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் மேற்பரப்பு எவ்வளவு இழுபடும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: தடிமனை, வளைவு ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் சிலிக்கான் தகட்டை 5 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தால் 5 சதவீத இழுப்பு வரும். சிலிக்கான் 1 சதவீதத்தை ஒட்டியே நொறுங்கிவிடும். அதையே 1 மைக்ரோமீட்டருக்கு மெலிதாக்கினால் இழுப்பு 0.01 சதவீதம்தான், ஒன்றும் ஆகாது. விறைப்பு இன்னும் வேகமாகக் குறையும். தடிமன் பத்தில் ஒரு பங்கானால் விறைப்பு ஆயிரத்தில் ஒரு பங்கு.

சரி, வளைந்துவிட்டது. ஆனால் தோல் வளைவதோடு நிற்பதில்லை, நீளவும் செய்கிறது. மூட்டுகளை மடக்கும்போது தோல் 30 சதவீதம் வரைகூட நீளும், தங்கக் கம்பி அவ்வளவு தாங்காது. அதனால் கம்பியை நேராக இழுக்காமல் பாம்பு போல நெளித்துப் போட்டார்கள். தோல் நீளும்போது நெளிவு மட்டும் விரியும், உலோகத்துக்கு வலிக்காது. அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த ஜான் ராஜர்ஸின் குழு 2011இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட வேலை இது. சின்னப் பிள்ளைகள் தண்ணீர் தொட்டுக் கையில் ஒட்டும் பச்சைப் படம் போலவே அந்தச் சுற்று தோலில் ஒட்டியது. அதிலேயே இதயம், தசை, மூளை மூன்றின் மின்சிக்னலையும் எடுத்துக் காட்டினார்கள்.

டோக்கியோவில் தகாவோ சோமேயாவின் குழு வேறொரு தொல்லையைக் கையில் எடுத்தது. பிளாஸ்டிக் படலத்தை நாள்கணக்கில் ஒட்டி வைத்தால் அடியில் வியர்வை தேங்கி அரிக்கும். நம் ஊர் மே மாதத்தில் ஒரு பிளாஸ்திரியை இரண்டு நாள் ஒட்டி வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீரில் கரையும் இழைகளின் மேல் தங்கத்தைப் படியவைத்து, தோலில் வைத்துத் தண்ணீர் தெளித்தார்கள். இழை கரைந்து போனது, காற்றும் வியர்வையும் தடையில்லாமல் போய்வரும் தங்க வலை மட்டும் தோலில் நின்றது. இது 2017இல். ஸ்டான்ஃபோர்டில் ஜெனன் பாவோவின் வழி இன்னொன்று: நெளிவெல்லாம் வேண்டாம், பொருளே ரப்பர் மாதிரி நீளட்டும் என்று நீளக்கூடிய டிரான்சிஸ்டர்களை 2018இல் வரிசை வரிசையாக உருவாக்கிக் காட்டினார்கள்.

இந்தத் துறையில் என் மனசுக்கு மிக நெருக்கமான வேலை, குறைமாதக் குழந்தைகளுக்காகச் செய்தது. பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் போனவர்களுக்குத் தெரியும். மூன்று விரல் அகல மார்பில் நாலைந்து எலக்ட்ரோடு, பாதத்தில் ஒன்று, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வயர். அந்தத் தோல் இன்னும் முற்றாத தோல். எலக்ட்ரோடை எடுக்கும்போது பசையோடு தோலும் உரிந்து வரலாம், அது தழும்பாக நின்றுவிடுவதும் உண்டு. வயர் சிக்கலால் தாய் குழந்தையை எடுத்து நெஞ்சோடு அணைக்கவே பயப்படுகிறாள். தோலோடு தோல் சேர்ந்த அந்த அணைப்போ, அந்தக் குழந்தைக்குச் சிகிச்சையில் ஒரு பகுதி. 2019இல் ராஜர்ஸின் குழு மார்புக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று என்று இரண்டே மெல்லிய பட்டைகளால் அதே அளவுகளை எடுத்தது. வயர் கிடையாது, பேட்டரியும் கிடையாது. படுக்கைக்கு அடியில் உள்ள ஆன்டெனாவிலிருந்து மின்சாரம் வரும். அந்த ஆன்டெனா வழியாக அதிகத் தரவு அனுப்ப முடியாது என்பதால், இதயத் துடிப்பின் உச்சியைக் கண்டுபிடிக்கும் கணக்கைப் பட்டையிலேயே வைத்தார்கள். அறிவை எங்கே வைப்பது என்பதைக்கூட அங்கே தீர்மானித்தது குழந்தையின் தோல்தான்.

தோலைப் பற்றி யோசிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் குளுக்கோவாட்ச் சாட்சி. ஊசி இல்லாமல் சர்க்கரை பார்க்கும் கைக்கடிகாரம் அது, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2001இல் அனுமதி கொடுத்தது. மிகச் சிறிய மின்னோட்டத்தைத் தோலில் செலுத்தி உள்ளிருக்கும் திசுநீரை வெளியே இழுத்து அளக்கும். நல்ல வேதியியல்தான். ஆனால் கட்டியவுடன் 3 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கட்டிய இடம் சிவந்து எரியும். வியர்த்தால் அளவைத் தவறவிட்டுவிடும். சர்க்கரை தாழ்ந்தால் பலருக்கு முதலில் வருவதே வியர்வை! மிகவும் தேவைப்படும் நேரத்தில் கைவிடும் கருவியை எத்தனை நாள்தான் கட்டிக்கொள்வார்கள்? சில வருடங்களில் சந்தையை விட்டுப் போய்விட்டது.

இன்று நீங்கள் மருந்துக் கடையில் பார்க்கும் பட்டை வேறு வழியில் போகிறது. நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வில்லை, அதன் அடியில் தோலுக்குள் சுமார் 5 மி.மீ. இறங்கும் முடி போன்ற வளையும் இழை. இழையின் மேல் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி. குளுக்கோஸ் வந்து பட்டால் நானோ ஆம்பியர் கணக்கில் மின்னோட்டம் பிறக்கும். நொதியையும் எலக்ட்ரோடையும் சேர்க்கும் யோசனையை லேலண்ட் கிளார்க்கும் சாம்ப் லயன்ஸும் 1962இலேயே சொல்லிவிட்டார்கள். அது கையில் ஒட்டி 14 நாள் தாங்கும் பொருளாக மாற அரை நூற்றாண்டு பிடித்தது. விரலில் குத்தாமலே அளவு சரிபார்க்கப்பட்ட பட்டை 2014இல் ஐரோப்பாவிலும் 2017இல் அமெரிக்காவிலும் வந்தது.

இந்தப் பட்டை ரத்தத்தை அளப்பதில்லை, செல்களுக்கு நடுவே உள்ள திசுநீரை அளக்கிறது. ரத்தத்தில் நடந்த மாற்றம் அங்கே தெரிய 5 முதல் 15 நிமிடம் ஆகலாம். சர்க்கரை நிதானமாக இருக்கும்போது இது பொருட்டில்லை, வேகமாக இறங்கும்போது அந்தப் பத்து நிமிடம் பெரிய விஷயம். அதனால் உள்ளே இருக்கும் கணக்கு இரைச்சலை வடிகட்டி, போகிற போக்கைப் பார்த்து, அம்புக்குறி போட்டு, "இன்னும் 20 நிமிடத்தில் தாழும்" என்று எச்சரிக்கிறது. அந்த எண்ணைக் கொண்டே இன்சுலின் பம்ப்பைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் முதல் கருவிக்கு, மெட்ரானிக்கின் 670ஜி, 2016 செப்டம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

என் அப்பாவுக்கு இப்படி ஒரு பட்டை ஒட்டியிருந்தோம். மூன்றாம் நாள் இரவு 2 மணிக்கு போன் அலறியது: 58. நான் சர்க்கரை கரைத்துக்கொண்டு ஓடினேன். அவர் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். விரலில் குத்திப் பார்த்தால் 104. அடுத்த இரவும் அதே கதை. அப்புறம்தான் கவனித்தேன், அவர் இடது கைப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவர், பட்டையும் இடது கையில். உடல் எடை அழுத்தும்போது அந்த இடத்துத் திசுநீர் ஓட்டம் குறைகிறது, இழைக்குக் குளுக்கோஸ் வந்து சேருவதில்லை, எண் விழுகிறது. சென்சார் பழுதில்லை, அது உணர்ந்தது உண்மைதான். ஆனால் அந்த உண்மை உடம்பைப் பற்றியதல்ல, அவர் படுத்த பக்கத்தைப் பற்றியது. சில வகைப் பட்டைகளில் பாரசிட்டமால் மாத்திரையும், வேறு சிலவற்றில் அதிக அளவு வைட்டமின் சியும் இதற்கு நேர்மாறாக எண்ணைக் கூட்டிக் காட்டும். எலக்ட்ரோடுக்கு அவையும் மின்னோட்டம்தானே.

இவ்வளவு குறையோடும் இது ஏன் கடைக்கு வந்தது, மற்றவை ஏன் வரவில்லை? என் கணிப்பு இது: இந்தச் சென்சார் அளக்க வேண்டிய பொருளையே நேரடியாகத் தொடுகிறது. குளுக்கோஸ் மூலக்கூறு வந்து நொதியில் படுகிறது. மாடலுக்கு, அதாவது தரவிலிருந்து கற்றுக்கொள்ளும் கணக்குக்கு, மிஞ்சிய வேலை திருத்துவதும் முன்கூட்டிச் சொல்வதும்தான். செயற்கை நுண்ணறிவுக்குச் சின்ன வேலை கொடுத்த கருவிகள் பிழைத்திருக்கின்றன.

எதிர்ப்பக்கம் பாருங்கள். ஊசி இல்லாமல், வெறும் ஒளியை வைத்துச் சர்க்கரை சொல்லும் கடிகாரம், மோதிரம் என்று இணையத்தில் விற்கிறார்கள். அப்படி எந்தக் கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளிப்படையாக எச்சரித்தது. பிறகு எப்படி அவை ஓரளவு "சரியான" எண்ணைக் காட்டுகின்றன? உங்கள் சராசரியும், சாப்பாட்டு நேரமும், மணியும் தெரிந்தால் போதும், ஒரு சாதாரண மாடல் நம்பும்படியான எண்ணைச் சொல்லிவிடும். காலை 7 மணிக்கு 110, இட்லி சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் 160. பெரும்பாலான நாள்களில் பொருந்தும். என்றைக்கு உங்கள் உடம்பு வழக்கத்தை மீறுகிறதோ, அன்றைக்குத்தான் கருவி தேவை, அன்றைக்குத்தான் அது தவறும். சிக்னலில் இல்லாத தகவலை எந்த மாடலாலும் வரவழைக்க முடியாது. வழக்கமானதை வைத்து அந்த இடத்தை நிரப்பத்தான் அதற்குத் தெரியும்.

வியர்வை பற்றியும் ஒரு வார்த்தை. 2016இல் பெர்க்லியில் அலி ஜாவேயின் குழு நெற்றியிலும் மணிக்கட்டிலும் கட்டும் வளையும் பட்டையால் குளுக்கோஸ், லாக்டேட், சோடியம், பொட்டாசியம் நான்கையும் வியர்வையில் ஒரே நேரத்தில் அளந்தது. கூடவே தோலின் வெப்பத்தையும் அளந்தார்கள், ஏனென்றால் வெப்பம் மாறினால் நொதியின் வேகம் மாறி எண் பிசகும். ஒரு சென்சார் தவறுவதை இன்னொரு சென்சாரை வைத்துத் திருத்தும் இந்த யோசனையை மனதில் வையுங்கள், கடைசியில் உங்களுக்குத் தேவைப்படும். வியர்வைச் சர்க்கரை ரத்தச் சர்க்கரையில் மிகச் சிறு பங்குதான். வியர்க்கும் வேகத்துக்கு ஏற்ப மாறவும் செய்யும். விளையாட்டு வீரர் எவ்வளவு நீரும் உப்பும் இழந்தார் என்று பார்க்க வியர்வை நல்ல வழி. இன்சுலின் அளவை முடிவு செய்ய அதை நான் நம்ப மாட்டேன்.

இப்போது உங்கள் 98க்கு வருவோம்.

ஈ.சி.ஜி. மாடல் செய்கிற மாணவர்கள் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது எம்.ஐ.டி.–பி.ஐ.ஹெச். தரவுத்தொகுப்பு. 1975க்கும் 1979க்கும் நடுவே பாஸ்டனில் பெத் இஸ்ரேல் மருத்துவமனையின் ஆய்வகத்தில் பதிவானது, 1980இலிருந்து வெளியே கிடைக்கிறது. அரை மணி நேரப் பதிவுகள் 48, அவற்றில் ஏறத்தாழ 1,10,000 இதயத் துடிப்புகள், ஒவ்வொன்றுக்கும் பெயர்க்குறிப்பு. பெரிய எண்ணாகத் தெரிகிறதா? ஆட்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். 47.

பலர் செய்வது என்னவென்றால், எல்லாத் துடிப்புகளையும் ஒரே அண்டாவில் கொட்டிக் கலக்கி, 80 சதவீதத்தைப் பயிற்சிக்கும் 20 சதவீதத்தைச் சோதனைக்கும் எடுப்பது. ஒரே ஆளின் அடுத்தடுத்த துடிப்புகள் அச்சில் வார்த்தது போல் இருக்கும். அவற்றில் ஒன்று பயிற்சியிலும் பக்கத்தில் இருந்தது சோதனையிலும் விழுகிறது. மாடல் நோயைக் கற்கவில்லை, ஆளை அடையாளம் காணக் கற்றுக்கொள்கிறது. மதிப்பெண் 99. அதே மாடலை, பயிற்சியில் இல்லாத ஆட்களிடம் மட்டும் சோதித்தால் எண் இறங்கும், அதுவும் அரிதான கோளாறுகளில் கடுமையாக இறங்கும்.

இதைச் சரிசெய்ய 2004இல் டி சாசலின் குழு ஆட்களைப் பிரித்து, பயிற்சிக்கு 22 பதிவு, சோதனைக்கு 22 பதிவு என்று வகுத்தது. பேஸ்மேக்கர் வைத்த நான்கு பதிவுகளை விட்டுவிட்டார்கள். இன்றுவரை பலர் பின்பற்றும் நேர்மையான முறை அதுதான். அதிலும் ஒரு ஓட்டை உண்டு, கவனியுங்கள்: 201, 202 என்ற இரண்டு பதிவுகளும் ஒரே ஆளுடையவை. 48 பதிவுக்கு 47 ஆட்கள் என்பதற்குக் காரணமும் அதுவே. அந்தப் பிரிப்பில் 201 பயிற்சிப் பக்கமும் 202 சோதனைப் பக்கமும் இருக்கின்றன. தரவோடு கூடவே வரும் விளக்கக் குறிப்பைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்வது இதனால்தான்.

சைகை மொழிக் கையுறையிலும் இதே கேள்வியைக் கேட்கலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் 2020இல் செய்த நீளும் நூல் சென்சார் கையுறை 660 சைகைப் பதிவுகளை 98.63 சதவீதம் வரை சரியாக அடையாளம் கண்டது. மிக அழகான சென்சார் அது, முகத்திலும் சின்னச் சென்சார்கள் ஒட்டிப் பார்த்தார்கள். ஆனால் சோதித்தது காது கேளாத நான்கு பேரிடம், ஒவ்வொரு சைகையையும் 15 முறை தனித்தனியாகச் செய்யவைத்து. இரண்டு பேர் சைகையில் பேசிக்கொள்ளும்போது கை, முகம், தோள், பார்வை எல்லாம் ஒன்றாக ஓடும், ஒரு சைகை அடுத்ததோடு குழைந்து போகும். இத்தகைய கையுறைகள் தங்கள் மொழியைப் பாதியாக்குகின்றன என்று காது கேளாதோர் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்றே நினைக்கிறேன். இதில் ப்ராஜெக்ட் செய்ய நினைத்தால் முதலில் அவர்களில் ஒருவரைக் குழுவில் சேருங்கள்.

நன்றாகச் செய்த வேலை எப்படி இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். 2019 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டின் அவ்னி ஹானனும் மற்றவர்களும் 'நேச்சர் மெடிசின்' இதழில் வெளியிட்டது. நெஞ்சில் ஒட்டும் ஒற்றை லீட் ஈ.சி.ஜி. பட்டையிலிருந்து 53,549 நோயாளிகளின் 91,232 பதிவுகள். சோதனைக்கு வேறு 328 நோயாளிகள், அவர்கள் பதிவுகளுக்கு இதய மருத்துவர்கள் குழுவாக உட்கார்ந்து முடிவு சொன்னார்கள். 12 வகைத் தாளங்களைப் பிரித்ததில் மாடலின் சராசரி எஃப்1 மதிப்பு (தவறவிட்டதையும் பொய் எச்சரிக்கையையும் சேர்த்துப் பார்க்கும் மதிப்பெண், 1 வந்தால் முழுமை) 0.837, தனித்தனி இதய மருத்துவர்களுடையது 0.780. கவனியுங்கள், 0.837தான். மருத்துவரைவிட நன்றாகச் செய்த மாடலுக்கே இவ்வளவுதான் என்றால், கல்லூரி ஆய்வகத்தில் வரும் 99ஐச் சந்தேகத்தோடு பார்க்கப் பழகுங்கள்.

நிஜமான 98 கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு கணக்கு இருக்கிறது. 10,000 பேர் பட்டை ஒட்டுகிறார்கள், அவர்களில் 100 பேருக்குக் கோளாறு. நோய் உள்ளவரையும் இல்லாதவரையும் கருவி 98 சதவீதம் சரியாகச் சொல்கிறது. 100 பேரில் 98 பேரைப் பிடித்துவிடும். மீதி 9,900 பேரில் 2 சதவீதம், அதாவது 198 பேருக்குப் பொய் எச்சரிக்கை போகும். போன் அடிக்கும் 296 பேரில் மூன்றில் இரண்டு பங்கு ஆரோக்கியமானவர்கள். நாள் முழுக்க ஒட்டியிருக்கும் கருவியில் இது இன்னும் கூடும். நிமிடத்துக்கு 70 என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் துடிப்புகள். துடிப்புக்குத் துடிப்பு 99 சதவீதம் சரி என்றாலும் தினம் ஆயிரம் பிழை.

கண்டுபிடித்தால் மட்டும் நன்மை வந்துவிடுமா என்பது தனிக் கேள்வி. டென்மார்க்கில் 70 முதல் 90 வயது வரையுள்ள 6,004 பேரை வைத்துச் செய்த 'லூப்' ஆய்வு 2021இல் 'லான்செட்'டில் வந்தது. அதில் பயன்பட்டது தோலில் ஒட்டுவது இல்லை, தோலுக்கு அடியில் வைப்பது, ஆனால் பாடம் பொருந்தும். தொடர்ந்து கண்காணித்தவர்களில் 31.8 சதவீதம் பேருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறு தெரிந்தது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 சதவீதம். பக்கவாதமோ உடலின் வேறு இடத்தில் ரத்தக்கட்டு அடைப்போ வந்தவர்கள் முறையே 4.5, 5.6 சதவீதம். அந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவில்தான் நின்றது. சில நிமிடமே வந்து போகும் தாளப் பிசகு எல்லாமே மருந்து கொடுக்க வேண்டிய நோய் இல்லை போலிருக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் படித்ததற்கு மகிழ்கிறேன்.

நம் தோல் நிறம் பற்றி யாராவது சொல்லித்தான் ஆக வேண்டும். ஒளியை வைத்து அளக்கும் கருவிகளில், தோலுக்கு நிறம் தரும் மெலனின் குறுக்கே நிற்கிறது. அமெரிக்காவில் 2020இல் வெளியான ஆய்வில், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர் 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் ரத்தத்தில் 88க்கும் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். வெள்ளைத் தோலில் கிடைத்த தரவைக் கொண்டு பயிற்சி கொடுத்த மாடலை அப்படியே கொண்டுவந்து நம் மணிக்கட்டில் கட்டினால் அதே பிழை கூடவே வரும். உங்களுக்கு இங்கே ஒரு வாய்ப்பும் இருக்கிறது. நம் நிறத்திலும், நம் வெயிலிலும், நம் வியர்வையிலும் நேர்மையாக எடுத்த தரவு அரிது.

சரி, எதில் கை வைப்பது? புதுச் சென்சார் பொருளைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் போதாது, சுத்தமான ஆய்வறையும் வேண்டும். நோயைக் கண்டுபிடிக்கும் மாடலும் வேண்டாம், அதற்கு மருத்துவர் குறித்துக் கொடுத்த தரவு வேண்டும். நான் உங்கள் இடத்தில் இருந்தால், "இந்தப் பத்து விநாடி சிக்னலை நம்பலாமா, கூடாதா?" என்று மட்டும் சொல்லும் சின்ன மாடல் செய்வேன். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் இது சரியாக இல்லாததால்தான் என் அப்பா விஷயத்தில் நான் இரவு 2 மணிக்கு ஓடினேன்.

ஏ.டி.8232 ஈ.சி.ஜி. பலகையும், கூடவே ஒரு அசைவு சென்சாரும் போதும். ஈ.சி.ஜி. சிக்னல் நெஞ்சில் 1 மில்லிவோல்ட் அளவுதான். எலக்ட்ரோடுக்கு அடியில் தோல் இழுபட்டாலே அதைவிடப் பெரிய மின்னழுத்தம் வந்து அதை மூழ்கடிக்கும். நடந்தால், இருமினால், படிக்கட்டு ஏறினால் சிக்னல் என்ன ஆகிறது என்று பாருங்கள். ஒளி வைத்து அளக்கும் மணிக்கட்டுக் கருவிகளில் இன்னொரு வேடிக்கை உண்டு. நிமிடத்துக்கு 160 அடி வைத்து ஓடினால், இதயமும் 160 என்று காலடியையே எண்ணிக் காட்டிவிடும். வடிகட்டியால் பிரிக்க முடியாது, இரண்டும் ஒரே அதிர்வெண். அசைவு சென்சார் இருந்தால்தான் எது கால், எது இதயம் என்று தெரியும். பெர்க்லிக்காரர்கள் வெப்பத்தை அளந்த அதே யோசனை.

தரவை நீங்கள் மூவரும் ஆளுக்கு ஐந்து நாள் எடுங்கள். ஒவ்வொரு நாளும் பட்டையைக் கழற்றிப் புதிதாக ஒட்டுங்கள். ஒரு இம்மி தள்ளி ஒட்டினாலும் அலை வடிவம் மாறும், அதை மாடல் சந்திக்க வேண்டும். ஒட்டிய மணி, இடம், வியர்த்ததா, மின்விசிறி ஓடியதா எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். இரண்டு பேரின் தரவில் பயிற்சி, மூன்றாமவரில் சோதனை, பிறகு ஆளை மாற்றி மாற்றி. ஒரே சராசரி எண்ணைப் போடாமல் மூன்று பேருக்கும் தனித்தனி எண் போடுங்கள். ஒருவருக்கு 71 வந்தால் 71 என்றே எழுதுங்கள். தேர்வாளர் ஏன் என்று கேட்டால், அதற்குச் சொல்லும் பதில்தான் உங்கள் ப்ராஜெக்ட்டின் சிறந்த பகுதியாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க ஏ.ஐ. இல்லாத பழைய முறை ஒன்றையும் வையுங்கள். துடிப்பின் உச்சியைப் பிடிக்க 1985இல் பானும் டாம்ப்கின்ஸும் எழுதிய முறை இன்றைக்கும் சளைக்காது.

மின்சாரக் கணக்கையும் முதல் வாரமே போட்டுவிடுங்கள். விநாடிக்கு 250 அளவு, அளவுக்கு 2 பைட் என்றால் நாளைக்கு 43 எம்.பி. அத்தனையையும் ரேடியோவில் அனுப்பினால் பேட்டரி அதற்கே போய்விடும். சுமார் 220 மில்லி ஆம்பியர்-மணி உள்ள காசு பேட்டரி 14 நாள் வர வேண்டுமானால் சராசரியாக 0.65 மில்லி ஆம்பியருக்குமேல் செலவழிக்கக் கூடாது. அதனால் மாடலைச் சில்லிலேயே ஓட்டி, நம்பத்தக்க துண்டுகளை மட்டும் அனுப்புங்கள். உங்கள் சின்ன மாடலுக்கு அங்கே நிஜமான வேலை இருக்கிறது.

நெஞ்சில் எலக்ட்ரோடு ஒட்டியிருக்கும்போது பலகையைப் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். சுவரில் சார்ஜர் மாட்டிய லேப்டாப்போடு வயரால் இணைக்கவே கூடாது. சார்ஜர் பழுதானால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும். தரவை மெமரி கார்டிலோ ப்ளூடூத் வழியாகவோ எடுங்கள். உங்கள் மூவரைத் தாண்டி வேறு யார் மேலாவது ஒட்டுவதாக இருந்தால், முதலில் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதற்கு நாள் பிடிக்கும், இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.